ஐந்து நாடுகள் மாயம்! வீட்டுப்பாடம் செய்த மாணவர் துப்பு துலக்கினார்

உலகப்புகழ் பெற்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் போட்ட கணக்கில் ஐந்து நாடுகள் காணாமல் போயின. மூன்று வருஷம் யாரும் கவனிக்கவில்லை. மந்திரிகளும் எம்.பி.க்களும் அந்தக் கணக்கை ஆதாரம் காட்டிப் பேசினார்கள். கடைசியில், வகுப்பில் கொடுத்த வீட்டுப்பாடத்தைச் செய்த 28 வயது மாணவர் குட்டை உடைத்தார்.

தப்பு நடந்தது ஏதோ பெரிய சூத்திரத்தில் அல்ல. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கம்ப்யூட்டர் வகுப்பில் ஆரம்பத்திலேயே படிக்கும் "சராசரி" கணக்கில்!

இதன் விவரம் வருமாறு:-

90 ரூபாய் கடன்

கணக்குப் போட்டவர்கள் அமெரிக்காவைச் சேர்ந்த பேராசிரியர்கள் கார்மென் ரெய்ன்ஹார்ட், கென்னத் ரோகாஃப். ரோகாஃப் லேசுப்பட்டவர் அல்ல. சர்வதேச நிதி நிறுவனத்தில் தலைமைப் பொருளாதார நிபுணராக இருந்தவர். செஸ் விளையாட்டில் கிராண்ட்மாஸ்டர் பட்டமும் வாங்கியவர்.

இருவரும் 2010-ல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். 20 பணக்கார நாடுகளின் கணக்கு அது. 1946 முதல் 2009 வரை எந்த நாட்டுக்கு எவ்வளவு கடன், எவ்வளவு வளர்ச்சி என்று பார்த்தார்கள். ஒரு நாட்டின் ஒரு வருஷ உற்பத்தி 100 ரூபாய் என்றால், அரசாங்கத்தின் கடன் 90 ரூபாயைத் தாண்டினால் ஆபத்து. அந்த நாடுகளின் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 சதவீதம் என்று எழுதினார்கள். அதாவது வளர்ச்சியே இல்லை, தேய்மானம்தான்!

2008-ல் உலகச் சந்தை சரிந்து, பல அரசாங்கங்கள் கடனில் தத்தளித்த நேரம் அது. "செலவை வெட்டு, கடனைக் குறை" என்றவர்களுக்கு இந்த 90 கையில் கிடைத்த ஆயுதம் ஆனது. இங்கிலாந்தில் நிதி மந்திரி ஆவதற்குச் சில மாதம் முன்பு ஜார்ஜ் ஆஸ்போர்ன் இவர்களுடைய ஆராய்ச்சியைச் சொல்லிப் பேசினார். ஐரோப்பிய கமிஷனர் ஆலி ரென்னும் 90 சதவீதம் என்றார். அமெரிக்க எம்.பி. பால் ரயான் 2013-ல் கொடுத்த பட்ஜெட் திட்டத்திலும் இந்தக் கட்டுரை இடம் பிடித்தது.

செலவு வெட்டு என்றால் சும்மா இல்லை. அரசு வேலை, பென்ஷன், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாவற்றிலும் கத்தி விழும். அந்த வெட்டுக்கு இந்த ஒரு கட்டுரை மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் வெட்டச் சொன்னவர்கள் கையில் இந்தக் காகிதம் இருந்தது.

வாத்தியார் கொடுத்த வேலை

மசாசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹெர்ஸ்ட் நகரக் கல்லூரியில் டாக்டர் பட்டத்துக்குப் படித்துக் கொண்டிருந்தவர் தாமஸ் ஹெர்ன்டன். அவருடைய வகுப்பில் ஒரு வேலை கொடுத்தார்கள். அச்சில் வந்த ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையை எடுத்துக்கொள். அதே கணக்கை முதலில் இருந்து போட்டுப் பார். அதே விடை வருகிறதா சொல். அவ்வளவுதான்.

ஹெர்ன்டன் எடுத்தது இந்தப் புகழ்பெற்ற கட்டுரையை. போட்டார், விடை வரவில்லை. மறுபடியும் போட்டார், மறுபடியும் வரவில்லை. "மாணவன்தான் எங்கோ தப்புப் பண்ணுகிறான்" என்றே பேராசிரியர்கள் மைக்கேல் ஆஷ், ராபர்ட் போலின் இருவரும் முதலில் நினைத்தார்கள். நினைப்பதும் நியாயம்தானே? எதிரே நிற்பவர்கள் ஜாம்பவான்கள்!

ஆனாலும் ஹெர்ன்டன் விடவில்லை. கட்டுரை எழுதியவர்களுக்கே கடிதம் போட்டு, கணக்குப் போட்ட எக்செல் தாளைக் கேட்டார். ரெய்ன்ஹார்ட் அதை மறைக்காமல் அனுப்பி வைத்தார். தாளைத் திறந்த ஹெர்ன்டன் தன் கண்ணையே நம்பவில்லை. பக்கத்தில் இருந்த தோழியைக் கூப்பிட்டு, தான் பார்ப்பது சரிதானா என்று கேட்டாராம்.

44-ம் வரியில் நின்ற கணக்கு

எக்செல் தாள் என்பது கட்டம் போட்ட கணக்கு நோட்டு மாதிரிதான். மேலே இருந்து கீழே இறங்கும் பத்திக்கு ஏ, பி, சி என்று எழுத்து. குறுக்கே போகும் வரிக்கு 1, 2, 3 என்று எண். எழுத்தும் எண்ணும் சேர்ந்தால் அந்தக் கட்டத்தின் விலாசம். "இந்தக் கட்டத்தில் இருந்து அந்தக் கட்டம் வரை சராசரி எடு" என்று விலாசம் கொடுத்தால், மிஷின் எடுத்துக் கொடுத்து விடும்.

அந்தத் தாளில் 20 நாடுகளும் 30-ம் வரியில் இருந்து 49-ம் வரி வரை இருந்தன. சராசரி எடுக்க எழுதிய கட்டளையோ, 'எல் 30-ல் இருந்து எல் 44 வரை' என்று நின்று விட்டது. மிஷின் சொன்னதைத்தான் செய்தது. 44 வரை என்றார்கள், 44 வரை எடுத்தது. மிச்சம் ஐந்து வரி அம்போ!

காணாமல் போனவை: டென்மார்க், கனடா, பெல்ஜியம், ஆஸ்திரியா, ஆஸ்திரேலியா.

இதில் பெல்ஜியம் முக்கியமான சாட்சி. 25 வருஷம் 90 ரூபாய்க்கு மேல் கடன் வைத்திருந்தும், அந்த வருஷங்களில் சராசரியாக 2.6 சதவீதம் வளர்ந்த நாடு அது. சாட்சி கூண்டுக்கே வரவில்லை.

இன்னும் இரண்டு ஓட்டை

முழுப்பழியையும் எக்செல் மேல் போட்டால் அது நியாயம் அல்ல. ஐந்து வரி விட்டுப் போனதால் மட்டும் வந்த வித்தியாசம் 0.3 சதவீதப் புள்ளிதான். வேறு இரண்டு விஷயமும் கிளம்பின.

ஒன்று, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா நாடுகளின் 1946-ஐ ஒட்டிய சில வருஷக் கணக்கு சேர்க்கப்படவில்லை. இரண்டு, நாடுகளுக்குக் கொடுத்த எடை. இங்கிலாந்து 19 வருஷம் கடனோடு இருந்து 2.4 சதவீதம் வளர்ந்தது. நியூசிலாந்து கணக்கில் நின்றது ஒரே ஒரு வருஷம், மைனஸ் 7.6. அந்த 19 வருஷமும் இந்த ஒரு வருஷமும் தராசில் சமம் என்று வைக்கப்பட்டு இருந்தது!

எல்லாவற்றையும் திருத்திப் போட்டபோது விடை மைனஸ் 0.1 அல்ல, பிளஸ் 2.2 சதவீதம். ஹெர்ன்டனும் இரண்டு பேராசிரியர்களும் சேர்ந்து 2013 ஏப்ரலில் இதை வெளியிட்டனர். உலகமே பரபரப்பு அடைந்தது.

ரெய்ன்ஹார்டும் ரோகாஃபும் எக்செல் தப்பை ஒப்புக்கொண்டு திருத்தம் வெளியிட்டனர். ஆனால் கடன் கூடினால் வளர்ச்சி குறையும் என்ற தங்கள் கருத்து மாறவில்லை என்றும், எடை போட்ட முறை சரியே என்றும் வாதிட்டனர்.

பிறந்த இடமும் வகுப்பறை

இதில் ஒரு வேடிக்கை. கம்ப்யூட்டர் அட்டவணைத் தாள் பிறந்ததே ஒரு வகுப்பறையில்தான். 1978-ல் ஹார்வர்ட் வணிகக் கல்லூரியில் படித்த டான் பிரிக்லின், கரும்பலகைக் கணக்கைப் பார்த்துக் கொண்டிருந்தார். ஒரு எண் தப்பானால் பேராசிரியர் வரிசையாக எத்தனையோ எண்களை அழித்து எழுத வேண்டி இருந்தது. ஒன்றை மாற்றினால் மற்றதெல்லாம் தானே மாறினால் எப்படி இருக்கும் என்று யோசித்தார். பாப் ஃபிராங்ஸ்டன் அவரோடு சேர்ந்து புரோகிராம் எழுதினார். 1979-ல் 'விசிகால்க்' என்ற பெயரில் ஆப்பிள் கம்ப்யூட்டருக்காக விற்பனைக்கு வந்தது.

அழித்து எழுதும் பாடு தீர்ந்தது. கூடவே ஒரு ஆபத்தும் வந்தது. கரும்பலகையில் விட்டுப்போன வரி எல்லோர் கண்ணிலும் படும். கம்ப்யூட்டரில் விடை மட்டும் பளிச்சென்று தெரியும். கட்டளை கட்டத்துக்குள் ஒளிந்திருக்கும்.

2020-ல் இங்கிலாந்தில் கொரோனா கணக்கிலும் கடைசி வரிகள்தான் காலை வாரின. பழைய வகை எக்செல் பைலில் 65,536 வரிக்கு மேல் இடம் கிடையாது. அதற்கு மேல் வந்தவை விழுந்து விட்டன. 15,841 நோயாளிகளின் விவரம் தினசரிக் கணக்கில் சேரவில்லை. அவர்களோடு பழகியவர்களைத் தேடிப்பிடித்து எச்சரிக்கும் வேலையும் தாமதம் ஆனது.

நம்ம ஊர் வகுப்பில்

ஒரு காலத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் இருந்த தெருக்களில் இன்று கம்ப்யூட்டர் சென்டர்கள் 'எக்செல் கற்றுத் தரப்படும்' என்று போர்டு மாட்டுகின்றன. தமிழ்நாட்டில் 2018-ல் வந்த பதினொன்றாம் வகுப்பு கம்ப்யூட்டர் புத்தகத்திலும் 'ஓப்பன் ஆபீஸ் கால்க்' என்ற இதே வகைத் தாள் பாடமாக இடம் பெற்றது. பிள்ளைகள் கலர் அடிப்பது, படம் போடுவது எல்லாம் சீக்கிரம் பிடித்துக் கொள்கிறார்கள். சரிபார்ப்பதுதான் பாக்கி.

ஒரு சின்னக் கணக்கு. நாலு பேர் மார்க் 40, 50, 60, 70. ஐந்தாவது பையன் பரீட்சைக்கு வரவில்லை. அவன் கட்டத்தைக் காலியாக விட்டால் சராசரி 55. பூஜ்யம் போட்டால் 44. மிஷின் இரண்டையும் முகம் சுளிக்காமல் காட்டும். எது வேண்டும் என்பதை வாத்தியார்தான் முடிவு செய்ய வேண்டும். அதே பையன் பிறகு எழுதி 80 வாங்கினால் சராசரி 60. ஆனால் கட்டளை நாலாவது வரியோடு நின்றிருந்தால் 55-லேயே உட்கார்ந்திருக்கும்.

கண்டுபிடிப்பது கஷ்டமா? இல்லை. விடை இருக்கும் கட்டத்தில் நின்று எஃப்2 பட்டனைத் தட்டினால் போதும். எந்தக் கட்டம் முதல் எந்தக் கட்டம் வரை எடுத்திருக்கிறது என்று கலர் கோடு சுற்றி நிற்கும். கடைசி வரி கோட்டுக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு மொத்தம் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். 20 நாடு என்று எழுதி 15-ஐ எடுத்தால் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

"கம்ப்யூட்டர் போட்ட கணக்கு சார், தப்பே இருக்காது" என்று ரேஷன் கடை முதல் பாங்கி வரை சொல்கிறார்கள். அப்படிச் சொல்லும்போது, கடைசி வரி உள்ளே இருக்கிறதா என்று ஒரு தடவை கேட்டு விடுவது நல்லது. ஹெர்ன்டன் கேட்டது அதைத்தான்.