எந்தப் பிள்ளையை அழைத்துப் போவாள்?

பூகோளப் படத்தை எடுத்து ஜப்பானுக்கு நேர் வடக்கே பாருங்கள். மீன் போல நீண்டு கிடக்கிறதே, அதுதான் சகலின் தீவு. 1905 முதல் 1945 வரை அதன் தென் பாதி ஜப்பான் வசம் இருந்தது. அங்கே நிலக்கரி வெட்டவும் மரம் அறுக்கவும் ஆள் தேவைப்பட்டது. அப்போது கொரியாவும் ஜப்பானியர் ஆட்சியில்தான். யுத்த காலத்தில் கொரியக் கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கான ஆண்களை அந்தக் குளிர் தீவுக்குக் கொண்டு போனார்கள். மனைவி மக்களை ஊரில் விட்டுச் சென்றவர்கள் அநேகம்.

1945-ல் சோவியத் படை தீவைப் பிடித்தது. மறு வருஷமே ஜப்பானியரைக் கப்பல் கப்பலாகத் தாய்நாட்டுக்கு அழைத்துப் போகத் தொடங்கினார்கள். கொரியருக்கு மட்டும் இடமில்லை! கோர்சகாவ் துறைமுகத்தை அடுத்த குன்றின்மேல் நின்று, தங்களுக்கும் ஒரு கப்பல் வரும் என்று கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வரவேயில்லை.

அவர்களில் பெரும்பாலோருக்குத் தென் கொரியாதான் சொந்த ஊர். சோவியத் நாட்டுக்கும் தென் கொரியாவுக்குமோ பேச்சு வார்த்தையே கிடையாது. ஜப்பானியப் பெண்ணை மணந்ததால் 1958-ல் ஜப்பான் செல்ல அனுமதி பெற்ற பாக் நோ-ஹாக் என்பவர், டோக்கியோவில் இருந்தபடி இரு பக்கத்துக் கடிதங்களையும் வாங்கி மாற்றி அனுப்பினார். ஊர் திரும்ப ஏங்கிய சுமார் 7,000 பேரின் ஜாபிதாவையும் தயாரித்தார். சோவியத் பிரஜையாகிவிட்டால் ஊர் போக முடியாதோ என்று அஞ்சி, எந்த நாட்டுக்கும் பிரஜையாகாமல் காலம் தள்ளியவர்களும் உண்டு. வேறு சிலர் தீவிலேயே புதுக் குடும்பம் அமைத்துக்கொண்டார்கள்.

1990-ல் இரு நாடுகளுக்கும் உறவு மலர்ந்தது. 2000-ல் தென் கொரியாவின் அன்சான் நகரில், திரும்பி வருகிறவர்களுக்கென்றே அடுக்கு வீடுகள் தயாராயின. ஆனால் ஒரு நிபந்தனை: 1945 ஆகஸ்ட் 15-க்குள் பிறந்தவர்களும் அவர்களுடைய கணவன் அல்லது மனைவியும்தான் வரலாம். பிள்ளைகள் வரக்கூடாது!

பெற்றோரைப் பிரிந்து வாடியவர்கள், இப்போது பிள்ளைகளைப் பிரிந்து வாடினார்கள். பிறந்த மண்ணில் சாக வேண்டும் என்று கிளம்பிய பாட்டிகள், ருஷ்ய மொழி பேசும் பேரன் பேத்திகளைத் தீவில் விட்டு வந்தார்கள். மனம் வராமல் தீவிலேயே தங்கிவிட்டவர்களும் உண்டு.

2021-ல் ஒரு புதிய சட்டம் அமலுக்கு வந்தது. வாரிசுகளில் ஒருவர், தம் துணையுடன் கூட வரலாம் என்றது. நாலு பெற்றவள் எந்தப் பிள்ளையைக் கை காட்டுவாள்? 2024-ல் அந்த 'ஒருவர்' என்ற கட்டுப்பாடும் தளர்ந்தது. ஆனால் அதற்குள், குன்றின்மேல் நின்று காத்திருந்த தலைமுறையில் பெரும்பாலோர் கண்மூடிவிட்டார்கள்.