வாசலில் நிற்பவர் யார்?

வாயிலில் மணி ஒலிக்கிறது. வந்திருப்பவர் உறவினரா, தபால்காரரா, முன்பின் அறியாத அந்நியரா? கதவைத் திறக்குமுன் இதனை அறிய விரும்பாத குடும்பம் உண்டோ? வந்தவரின் முகத்தைக் கைப்பேசியில் காட்டும் வீடியோ அழைப்புமணி இன்று நம் இல்லங்கள் பலவற்றில் இடம் பெற்றிருப்பதற்கு இந்த விருப்பமே காரணம்.

எங்கள் இல்லத்திலும் அதனை வாங்கிப் பொருத்தினோம். பகலில் நாங்கள் இருவரும் பணிக்குச் சென்றுவிடுவோம்; பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றுவிடுவார்கள். வீட்டில் இருப்பவர் 78 வயதான எங்கள் அன்னை ஒருவரே. முழங்கால் வலியால் வருந்தும் அவர், கட்டிலில் அமர்ந்தபடியே வந்தவரைக் கண்டு பேசலாம் என்று எண்ணினோம். நடந்ததோ வேறு. ஒரு நண்பகலில் மணி ஒலித்தது. கைப்பேசியில் முகம் தோன்றவில்லை. சிறு வட்டம் ஒன்று சுழன்றுகொண்டே இருந்தது. எரிவாயு உருளை கொண்டு வந்தவர் திரும்பிப் போய்விடுவாரோ என்னும் பதற்றத்தில் அன்னை எழுந்து விரைந்தார். நடையில் கால் இடறி விழுந்தார். எலும்பு முறியவில்லை, மணிக்கட்டு வீங்கியதோடு போயிற்று. ஆயினும் அன்றிரவு எங்களுக்கு உறக்கம் கொள்ளவில்லை. அவருக்கு உதவட்டும் என்று வாங்கிய கருவியே அவர் விழக் காரணமாயிற்றே!

குறை எங்கே?

கருவி பழுதுற்றது என்றே முதலில் எண்ணினோம். திருப்பிக் கொடுக்குமுன் அதனைக் கழற்றி, வைஃபை ரூட்டரின் அருகில் வைத்துச் சோதித்தோம். படம் உடனே தெளிவாக வந்தது! ஆகவே குறை கருவியில் இல்லை. ரூட்டருக்கும் வாசலுக்கும் இடைப்பட்ட வழியில்தான் இருந்தது.

வைஃபை என்பது ஒருவகை வானொலி அலையே. இதற்கான முதல் தர விதிகள் 1997-ஆம் ஆண்டு வகுக்கப்பட்டன. வீடுகளில் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என இரு அலைவரிசைகள் பயன்படுகின்றன. 5 வேகம் மிக்கது. ஆனால் சுவர்களைக் கடப்பதில் தளர்ந்துவிடும். 2.4 வேகத்தில் குறைந்தது. எனினும் சுவர்களைத் தாண்டிச் செல்வதில் வல்லது. வாசல் மணிக்கு ஏற்றது இதுவே.

எங்கள் ரூட்டர் இருந்த இடத்தைக் கேளுங்கள். இணையக் கம்பி வீட்டின் பின்பக்கச் சன்னல் வழியாக வந்ததால், அதைப் பின்னறையிலேயே, இரும்புப் பீரோவுக்குப் பின்னால் வைத்திருந்தோம். அங்கிருந்து வாசலுக்குச் செல்ல மூன்று செங்கல் சுவர்கள். இறுதியில் இரும்புக் கிராதிக் கதவு. சுவர் அலையை உறிஞ்சுகிறது. இரும்போ அதனைத் திருப்பி அனுப்புகிறது. இத்தனை தடைகளையும் கடந்து வாசலை எட்டியது எவ்வளவு?

மணியின் செயலியிலேயே அதனைக் காட்டும் பக்கம் இருந்தது. ‘டிபிஎம்’ என்னும் அலகில், கழித்தல் குறியுடன் ஓர் எண் தோன்றும். சுழியத்திற்கு அருகில் செல்லச் செல்ல நல்லது. -60 அல்லது அதனினும் மேலானால் கவலையில்லை. -70க்குக் கீழே இறங்கினால் படம் தடுமாறும். எங்கள் வாசலில் இருந்தது -79! இவ்வெண்ணில் 3 குறைந்தால் வலிமை பாதியாகும். 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்காகும் என்பதை நினைவிற் கொண்டால் இதன் பொருள் விளங்கும்.

செலவில்லாத மருந்து

முதலில் ரூட்டரைப் பீரோவின் மறைவிலிருந்து எடுத்து, அறைக் கதவருகே உயரமான பலகையில் வைத்தோம். -79 என்பது -71 ஆயிற்று. ஒரு காசும் செலவின்றி அலையின் வலிமை ஆறு மடங்காகியது!

அடுத்து, மணியை 2.4 அலைவரிசையில் இணைத்தோம். அக்கம்பக்கத்து வீடுகளின் அலைகளும் ஒன்றோடொன்று மோதுவதுண்டு; ஆதலின் ரூட்டரின் அமைப்பில் 1, 6, 11 ஆகிய தடங்களுள் நெரிசல் குறைந்த ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய இதே அலைவரிசையில் இயங்குவதால், ரூட்டரை அதனருகே வைத்தலாகாது.

சிறு செலவில் தீர்வு

அலையை மீண்டும் பரப்பும் சிறு கருவிகள் கடைகளில் கிடைக்கின்றன. பலர் அதனை வாசலருகிலேயே மாட்டிவிட்டு, பயனில்லையே என்று வருந்துகின்றனர். தன் காதில் விழாததை அது எவ்வாறு திருப்பிச் சொல்லும்? ரூட்டருக்கும் வாசலுக்கும் நடுவே, அலை இன்னும் நன்றாக உள்ள இடத்தில்தான் அது இருத்தல் வேண்டும்.

நாங்கள் அதனினும் உறுதியான வழியை மேற்கொண்டோம். பின்னறையிலிருந்து கூடம் வரை 10 மீட்டர் வலைக்கம்பி இழுத்து, அங்கே இரண்டாவது ரூட்டர் ஒன்றை வைத்தோம். (இத்தகைய கம்பி 100 மீட்டர் வரை தகவலைச் செவ்வனே கொண்டு செல்லும்.) வாசலில் இப்போது -58. முன்பிருந்ததைவிட நூறு மடங்குக்கும் மேற்பட்ட வலிமை!

மறவாதிருக்க

மணி படத்தை வீட்டிலிருந்து வெளியே அனுப்புகிறது. ஆகவே இணையத்தின் பதிவிறக்க வேகத்தை மட்டும் பார்த்தல் போதாது. பதிவேற்ற வேகம் நொடிக்கு 2 மெகாபிட்டாவது இருத்தல் நலம்.

மின்சாரம் நின்றால் ரூட்டரும் நின்றுவிடும். மின்கலத்தில் இயங்கும் மணியும் அப்போது குருடே. ஆதலின் ரூட்டரை இன்வெர்ட்டர் இணைப்பில் சேர்த்துவிட வேண்டும். மேலும், அலை மெலிந்திருந்தால் மணியின் மின்கலமும் விரைவில் தீர்ந்துபோகும்.

கம்பிவழி மின்சாரம் பெறும் மணிகள் பல 16 முதல் 24 வோல்ட் வரை மட்டுமே தாங்கும். நம் பழைய அழைப்புமணிக்கு வரும் 230 வோல்ட் இணைப்பில் அவற்றை நேரே பொருத்துவது ஆபத்து. அப்பணியைத் தேர்ந்த மின்பணியாளரிடமே ஒப்படைப்போமாக.

மணியின் கண் நம் வாசலை மட்டும் நோக்கட்டும்; எதிர்வீட்டாரின் கூடத்தை நோக்க வேண்டாம்.

சென்ற வாரம் நண்பகலில் மீண்டும் மணி ஒலித்தது. அலுவலகத்தில் இருந்த எங்கள் கைப்பேசியிலும் உருளை கொண்டு வந்தவரின் முகம் தெளிவாகத் தெரிந்தது. நாங்கள் பேச வாயெடுக்குமுன் அன்னையின் குரல் கேட்டது: “கொஞ்சம் இரு தம்பி, மெதுவாத்தான் வருவேன்.” அவரும் தலையசைத்து, உருளையை இறக்கி வைத்துவிட்டுத் திண்ணையில் அமர்ந்தார்.