ஸ்கேன் சொல்லாததைக் கண் சொல்லும்

மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தவர் எழுந்து நின்றுவிட்டால், "தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது" என்று பெரியவர்கள் ஆறுதல் சொல்வது நம் வழக்கம். ஸ்கேன் எடுத்து, இரத்தக் கசிவு இல்லை, எலும்பு உடையவில்லை என்று தெரிந்ததும் குடும்பமே நிம்மதி அடையும். ஆனால், எல்லாருக்கும் அத்துடன் முடிந்துவிடுகிறதா?

பாரிட் புந்தாரிலிருந்து கிரியான் ஆற்றைக் கடந்து நிபோங் திபால், பிறை பக்கம் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகும் ஓர் இளைஞர் விழுந்து, தலையில் அடிபட்டதாக வைத்துக்கொள்வோம். தலைக்கவசம் மண்டை ஓட்டைக் காத்தது. ஆனால் உள்ளே மூளை குலுங்கியதை அதனால் முழுமையாகத் தடுக்க முடியவில்லை. இதைத்தான் மருத்துவர்கள் 'கன்கஷன்', அதாவது மூளை அதிர்வு என்கிறார்கள்.

பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுவார்கள். சிலருக்கு மட்டும் மாதக்கணக்கில் தொல்லை நீடிக்கும். நாளிதழை விரித்தால் வரி தவறும். கைப்பேசியைப் பார்த்தால் தலை வலிக்கும். மூன்று வேலை சொன்னால் ஒன்றுதான் நினைவில் நிற்கும். வீட்டிலோ, "ஸ்கேன்தான் நல்லா இருக்கே, எம்.சி. வாங்க நடிக்கிறான்" என்று பேச்சு எழும்.

நடிப்பா, பாதிப்பா?

இந்தக் கேள்விக்கு நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகர ஆய்வாளர்கள் 2009ஆம் ஆண்டில் 'பிரெய்ன்' என்ற மருத்துவ இதழில் விடை தந்தார்கள். தொல்லை நீடித்த 36 பேரையும், அதே அளவு அடிபட்டு நன்கு தேறிய 36 பேரையும் ஒப்பிட்டு, அவர்களின் கண் அசைவுகளை அளந்தார்கள்.

ஏன் கண்? நாம் படிக்கும்போது பார்வை ஆறுபோல ஓடுவதில்லை. தவளைபோல் சொல்லுக்குச் சொல் தாவுகிறது. எங்கே தாவுவது, எப்போது நிற்பது என்பதை முன்மூளை, சிறுமூளை, மூளைத்தண்டு எல்லாம் சேர்ந்து முடிவு செய்கின்றன. கவனமும் நினைவாற்றலும் இதே பாதைகளில் பலவற்றைப் பயன்படுத்துகின்றன. அதிர்வில் நுண்ணிய நரம்பு இழைகள் இழுபட்டால் இந்தக் கூட்டுவேலை தடுமாறும். சாதாரண ஸ்கேனில் அது தெரியாது.

ஆய்வில் ஒரு சோதனை இது: இடப்பக்கம் வெளிச்சம் தோன்றினால் வலப்பக்கம் பார்க்க வேண்டும். வெளிச்சத்தை நோக்கித் தானாகப் பாயும் கண்ணை மூளை அடக்கியாக வேண்டும். வெளிச்சம் தோன்றிய இடங்களை வரிசையாக நினைவில் வைத்துப் பார்ப்பதும், நகரும் புள்ளியைத் தொடர்வதும் மற்ற சோதனைகள். இவற்றில் தொல்லை நீடித்தவர்கள் பின்தங்கினார்கள். மனச்சோர்வு, அறிவுத்திறன், வேண்டுமென்றே நடிப்பது ஆகிய மூன்றையும் கணக்கில் எடுத்த பிறகும் வேறுபாடு மறையவில்லை. இந்தக் கண் அசைவுகளில் பல நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாதவை என்பதால், அவற்றைப் பொய்யாகக் காட்டுவதும் எளிதல்ல.

என்ன செய்யலாம்?

அடிபட்ட முதல் 24 முதல் 48 மணி நேரம் ஓய்வு தேவை. கைப்பேசி, தொலைக்காட்சியைக் குறைக்க வேண்டும். அதன்பின் நாள்கணக்கில் இருட்டறையில் படுத்திருப்பது நன்மை தராது என்பதே இன்றைய மருத்துவக் கருத்து. மெல்ல நடப்பதில் தொடங்கி, தொல்லை அதிகரிக்காத அளவுக்கு வேலைகளைக் கூட்ட வேண்டும். முழுமையாகத் தேறும்வரை மோட்டார் சைக்கிளும் காற்பந்தும் வேண்டாம்.

தொடர்ந்து வாந்தி, வலிப்பு, எழுப்ப முடியாத தூக்கம், கூடிக்கொண்டே போகும் தலைவலி, ஒரு கண்மணி மட்டும் பெரிதாதல் ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். உடனே 999ஐ அழைக்க வேண்டும்.

சில வாரங்கள் கடந்தும் வாசிப்பில், நினைவில் தடுமாற்றம் இருந்தால் மீண்டும் மருத்துவரிடம் சென்று, "படிக்கும்போது வரி தவறுகிறது" என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். கண்ணுக்கும் சமநிலைக்கும் உரிய பயிற்சிகள் இருக்கின்றன. வேலைக்குப் போகும் வழியில் நேர்ந்த விபத்தானால், சந்தாதாரருக்குப் பெர்கெசோ பாதுகாப்பும் உண்டு. மருத்துவக் குறிப்புகளைப் பத்திரப்படுத்துவது அவசியம்.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள். வெளியில் காயம் இல்லை என்பதற்காக ஒரு பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்லும் முன், வீட்டில் உள்ளவர்களும் சற்றுத் தீர விசாரிக்கட்டும்.