கால் இல்லாத பாட்ஸும் கடைக்கு வரும் பிள்ளைகளும்

வியாபார நண்பர்களே,

சில வருடங்களுக்கு முன் ஓ.எல். படிக்கும் ஒரு பிள்ளை பழைய புத்தகமொன்றுடன் என் கடைக்கு வந்தார். "மாமா, ஏ.சி.128 ட்ரான்சிஸ்டர் இருக்கா?" என்று கேட்டார். அது ஜெர்மானியத்தில் செய்த அந்தக் காலத்துச் சாமான். "இல்லை மகன்" என்றேன். பிள்ளை போய்விட்டார், திரும்பி வரவுமில்லை. ஒரு சாமான் விற்காமல் போனதை விட, ஒரு தொழிலாளி உருவாகாமல் போனதே எனக்குப் பெரிய நட்டமாகத் தெரிகிறது.

1977இல் இறக்குமதி திறந்துவிடப்படும் வரை ரேடியோ பழுதானால் திருத்தியே ஆகவேண்டும். பின்னர் மத்திய கிழக்கு சென்றவர்கள் ரேடியோ கசற் கொண்டுவந்தார்கள். நம் பகுதியில் திருத்துவோரின் மேசைகளே பல இளைஞர்களுக்குப் பள்ளிக்கூடமாக இருந்தன. அன்றைய பாட்ஸுக்குக் கால்கள் இருந்தன. ஐ.சி.யின் கால்களுக்கு இடையே 2.54 மில்லிமீற்றர் இடைவெளி. ரெசிஸ்டரின் பெறுமதியை நிறக்கோடுகளைப் பார்த்தே சொல்லலாம். கையால் பிடித்து, துளையில் செருகி, ஈயம் வைத்தால் வேலை முடிந்தது.

1980களிலிருந்து தொழிற்சாலைகள் போர்ட்டின் மேற்பரப்பிலேயே ஒட்டும் பாட்ஸுக்கு மாறத் தொடங்கின. துளை தேவையில்லை, இடம் மிச்சம், இயந்திரமே வேகமாக வைத்துவிடும். ஆகவே செலவும் குறைவு. ஆனால் 0603 என்னும் அளவு ரெசிஸ்டரின் நீளம் 1.6 மில்லிமீற்றர், அகலம் 0.8 மில்லிமீற்றர்தான். அரிசிக் குறுணலைப் போன்றது. இந்த அளவுக் கெப்பாசிட்டர்களில் பெறுமதியும் எழுதப்படுவதில்லை. சில ஐ.சி.களின் இணைப்புகள் அடியிலேயே மறைந்திருக்கும். 2006 ஜூலை 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் மின்னணுப் பொருட்களில் ஈயத்தைக் கட்டுப்படுத்தியது. பழைய பற்று 183 பாகையில் உருகியது. புதியதுக்கு ஏறக்குறைய 217 பாகை வேண்டும். உருப்பெருக்கியும் சூடான காற்று ஊதும் கருவியும் இல்லாத பிள்ளை பழைய போர்ட்டைக் கழற்றிப் பழகுவது கடினம்.

எனினும் வேறொரு கதவு திறந்திருக்கிறது. 2005இல் இத்தாலியில் உருவான ஆர்டுயினோ போன்ற போர்ட்டுகளில் சின்னப் பாட்ஸ் ஏற்கனவே பொருத்தப்பட்டிருக்கும். வெளியே அதே 2.54 மில்லிமீற்றர் துளைகள். பிள்ளை வயரைச் செருகி, கம்பியூட்டரில் கட்டளை எழுதி, முதல் நாளே விளக்கை எரிய வைக்கலாம். இதிலும் ஒரு குறையுண்டு. இயக்கத் தெரியும், ஆனால் ஏன் எரிந்தது என்று தெரியாது. ஆகவே இரண்டையும் சேர்த்தே பழக வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை மூன்று.

முதலாவது, ஓடாத பாட்ஸை மொத்தமாக வாங்கி அடுக்காதீர்கள். மலிவென்று வாங்கிய ஒரு பெட்டி இன்றும் என் லாச்சியில் தூங்குகிறது. 1972இல் சந்தைக்கு வந்த 555 ஐ.சி. போன்றவை இன்றும் காலுடன் கிடைக்கின்றன. அவற்றை வைத்திருங்கள்.

இரண்டாவது, உற்பத்தி நின்ற பாட்ஸில் போலி அதிகம். பழைய இலக்கத்தை அழித்துப் புதிய இலக்கம் அடித்து வருவதுண்டு. சந்தேகமிருந்தால் வாங்குபவரிடம் சொல்லியே விற்க வேண்டும். குறையை மறைத்து விற்ற இலாபத்தில் பரக்கத் இராது.

மூன்றாவது, கேட்ட சாமான் இல்லையென்றால் "இல்லை" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். இன்று கிடைக்கும் பாட்ஸில் அதே வேலையைச் செய்யும் வேறு சுற்றொன்றைக் காட்டுங்கள்.

2022இல் டொலர் இல்லாமல் இறக்குமதி முடங்கியபோது புதுச் சாமான் வாங்க வழியற்ற சனம் திருத்துபவரைத் தேடி அலைந்தது. அப்படியொரு காலம் மீண்டும் வந்தால் திருத்துவதற்கு ஆள் இருக்க வேண்டும். அந்த ஆள் இன்று உங்கள் கடை வாசலில் பத்து ரூபாச் சாமான் கேட்டு நிற்கும் பிள்ளையாகவும் இருக்கலாம்.