பச்சை மறைந்த பிறகும்

எட்டு மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம், சராசரியாக ஒன்றரை மீட்டர் ஆழம் கொண்ட வீட்டு நீச்சல்குளம் 48,000 லிட்டர் பிடிக்கும். லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் நிற்க, 48 கிராம் குளோரின் வேண்டும். 33 சதவீத வீரியமுள்ள பிளீச்சிங் பவுடரில் அது சுமார் 150 கிராம்.

திருச்சியின் சித்திரை வெயிலில் அந்த 48 கிராம் தங்காது. நிலைப்படுத்தும் வேதிப்பொருள் சேர்க்காத குளோரின், நேரடி வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள் பாதியாகக் குறைகிறது. காலையில் போட்டது மாலையில் இருக்காது. மோட்டார் நின்று, மருந்தும் போடாமல் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போனால், முதல் நாளே குளோரின் பூஜ்யம். தண்ணீர் அப்போதும் தெளிவாகத்தான் இருக்கும். அடுத்த சில நாட்களில் சுவர் வழுக்கும். பிறகு நீர் பச்சையாகும், தரை மறையும். ஏழு முதல் பத்து நாளில் கொசு முட்டை கொசுவாகிவிடும். பச்சை கண்ணில் படும்போது, அந்த நீர் கிருமிநாசினி இல்லாமல் பல நாள் கழித்திருக்கிறது.

தரை தெரியாத குளத்தில் முதல் ஆபத்து மூழ்குவது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபால் ரிவர் நகரில் உள்ள பொது நீச்சல்குளத்தில் 2011 ஜூன் 26 அன்று ஒரு பெண் மூழ்கினார். நீர் கலங்கியிருந்தது. மறுநாளும் அதற்கு மறுநாளும் மக்கள் அதே குளத்தில் நீந்தினார்கள். உயிர்காப்பாளர்கள் பணியில் இருந்தார்கள். நகரச் சுகாதார ஆய்வாளர்களும் வந்து பார்த்தார்கள். உடல் ஜூன் 28 இரவில்தான் தென்பட்டது. மூச்சு நின்றவரின் மூளை நான்கு முதல் ஆறு நிமிடத்தில் சேதமடையத் தொடங்குகிறது.

சித்திரைத் தேருக்கோ கோடை விடுமுறைக்கோ பேரக்குழந்தைகள் வரப்போகிறார்கள் என்றால், குளத்தை அவசரமாகத் தெளியவைக்கப் பார்ப்பார்கள். படிகாரம் போட்டால் கலங்கல் அடியில் படியும். மயில்துத்தம் போட்டால் பாசி சாகும். இரண்டும் வேலை செய்கின்றன. நீர் நீலமாகிவிடுகிறது. அந்த நீல நீரில் குளோரின் ஒரு துளிகூட இல்லாமலிருக்கலாம். பச்சைக் குளத்தில் யாரும் குழந்தையை இறக்கமாட்டார்கள், இதில் இறக்குவார்கள். இரண்டில் இதுவே அதிக ஆபத்தானது.

அத்தகைய நீரில் வளரக்கூடியது நெக்லேரியா ஃபௌலெரி. அது வெதுவெதுப்பான நன்னீரில் பாக்டீரியாவைத் தின்று வாழும் ஒரு செல் உயிரி, அமீபா வகை. 46 டிகிரி வெப்பம் வரை தாங்கும். குடித்தால் நோய் வராது. மூக்கில் நீர் ஏறினால், முகர்வு நரம்பு வழியாக மூளைக்குப் போகும். 1 முதல் 12 நாளில் காய்ச்சல், தலைவலி, வாந்தி. பிறகு கழுத்து இறுகும். அறிகுறி தொடங்கியபின் மரணம் வரை பெரும்பாலும் ஐந்து நாள். அமெரிக்காவில் 1962 முதல் 2023 வரை பதிவானவர்கள் 164 பேர், பிழைத்தவர்கள் 4 பேர்.

செக்கோஸ்லோவாக்கியாவின் ஊஸ்தி நாட் லாபெம் நகரில் ஒரே உள்ளரங்கக் குளத்தில் 1962 முதல் 1965 வரை 16 இளைஞர்கள் இந்த அமீபா மூளைக்காய்ச்சலால் இறந்தார்கள். குளத்தின் நீளத்தைக் குறைக்க எழுப்பிய ஒரு சுவரின் பின்னால், யார் கண்ணிலும் படாத இடைவெளியில் அமீபா வளர்ந்திருந்தது பின்னர் தெரியவந்தது.

கேரளத்தில் 2024 மே மாதத்துக்கும் ஜூலைத் தொடக்கத்துக்கும் இடையில் அமீபா மூளைக்காய்ச்சலால் மூன்று குழந்தைகள் இறந்தார்கள். தமிழ்நாடு பொது சுகாதாரத் துறை அந்த ஜூலையிலேயே, தேங்கிய நீரில் குளிக்க வேண்டாம், நீச்சல்குளங்களில் முறையாகக் குளோரின் சேர்க்க வேண்டும் என்று அறிவுறுத்தியது. அதே மாதம் கோழிக்கோடு மாவட்டத்தில் 14 வயதுச் சிறுவன் ஒருவன் பிழைத்தான். அவனுக்குச் சிகிச்சை முன்கூட்டியே தொடங்கியிருந்தது. 2025 செப்டம்பரில் திருவனந்தபுரம் ஆக்குளம் சுற்றுலா மையத்தின் நீச்சல்குளம் மூடப்பட்டது. அங்கே குளித்த 17 வயது மாணவருக்கு நோய் உறுதியாகியிருந்தது.

நோய் அரிது. ஆனால் அதற்கு வேண்டியவை மூன்றுதான்: வெதுவெதுப்பு, பாக்டீரியாப் படலம், குளோரின் இன்மை. பச்சையாகி, மயில்துத்தத்தால் தெளிந்த குளத்தில் மூன்றும் இருக்கலாம்.

குளோரின் போட்டாலும் கணக்கு முடிவதில்லை. நீரின் அமில காரத் தன்மையைக் காட்டும் எண் பி.எச். அது 7.5 ஆக இருந்தால், போட்ட குளோரினில் பாதி கிருமியைக் கொல்லும் வடிவில் இருக்கும். 8.5 ஆனால் சுமார் பத்தில் ஒரு பங்கு. பரிசோதனையில் குளோரின் அளவு இரண்டிலும் ஒன்றாகவே காட்டும். பிளீச்சிங் பவுடரும் பி.எச். அளவைக் கூட்டுவதுதான். அதைக் குறைக்க ஆசிட் ஊற்றுகிறார்கள். பவுடர் அள்ளிய அதே வாளியில் ஆசிட் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். அது காற்றைவிட இரண்டரை மடங்கு கனம், தரையோடு தங்கும். மோட்டார் அறை பல இடங்களில் தரைமட்டத்துக்குக் கீழே இருக்கிறது. காற்றில் பத்து லட்சத்தில் 10 பங்கு இருந்தாலே உயிருக்கு உடனடி ஆபத்து. நுரையீரலில் நீர் கோப்பது சில மணி நேரம் கழித்தும் நடக்கலாம்.

மொத்தமாக இறைத்துவிடலாம் என்ற யோசனை ஸ்ரீரங்கத்தில் வேறு விதமாக முடியக்கூடும். இருபுறமும் ஆறு ஓடும் தீவு அது. காவிரியிலும் கொள்ளிடத்திலும் தண்ணீர் ஓடும் மாதங்களில் நிலத்தடி நீர் மேலேறும். 48 டன் நீரை இறைத்துவிட்டால், கீழிருந்து தள்ளும் நீருக்கு எதிர்ப்பாரம் குறைகிறது. காலித் தொட்டி படகுபோல் மேலே எழும், தரை பிளக்கும். மயில்துத்தம் கலந்த நீர் வாய்க்காலில் விழுந்தால் மீன் சாகும்.

செய்ய வேண்டியது நிதானமான வேலை. இலைதழையை அள்ளி, சுவரைத் தேய்த்து, பி.எச். அளவை 7.2 பக்கம் கொண்டுவந்து, மோட்டாரை நிறுத்தாமல் ஓட்டி, சூரியன் சாய்ந்தபின் லிட்டருக்கு 10 மில்லிகிராம் குளோரின் கிடைக்கும்படி மருந்து போட வேண்டும். இந்தக் குளத்துக்கு அது சுமார் ஒன்றரைக் கிலோ புதிய பிளீச்சிங் பவுடர். பழைய பவுடரின் வீரியத்தை நம்ப முடியாது. வடிகட்டியின் அழுத்தம் ஏறும்போதெல்லாம் எதிர்த்திசையில் நீர் விட்டுக் கழுவ வேண்டும். இதையே பல நாள் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.

அளப்பதிலும் ஒரு பிசகு உண்டு. நீரை மஞ்சளாக்கும் சொட்டு மருந்து, அழுக்கோடு சேர்ந்து வீரியம் குன்றிய குளோரினையும் கூட்டியே காட்டும். இளஞ்சிவப்பாக்கும் டி.பி.டி. மாத்திரையே தனிக் குளோரினைக் காட்டும். இருட்டியபின் ஒரு முறை, விடியுமுன் ஒரு முறை அளந்து பாருங்கள். வெயிலே படாத அந்த நேரத்தில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் குறைந்திருந்தால், குளோரினைத் தின்னும் ஏதோ ஒன்று குளத்தில் இன்னும் இருக்கிறது. இரவில் குறைவது அந்த அளவைத் தாண்டாமல் நிற்கும்வரை, தரை முழுதும் தெரியும்வரை, குளோரின் 1 முதல் 3 மில்லிகிராமுக்கு இறங்கும்வரை யாரையும் இறக்காதீர்கள். குளித்த இரண்டு வாரத்துக்குள் குழந்தைக்குக் காய்ச்சலும் கடும் தலைவலியும் வந்தால், குளத்தில் குளித்ததை மருத்துவர் கேட்கும் முன்பே சொல்லுங்கள்.