சிறுநீரக மாற்று அறுவையும் மயக்க மருந்தும்

சிறுநீரக மாற்று அறுவை என்றதும், "மயக்க ஊசி போட்டால் கண் விழிப்போமா?" என்று அஞ்சுவோர் நம்மிடையே பலர். கோலாலம்பூர் பெரிய மருத்துவமனையில் 1975ஆம் ஆண்டில் நம் நாட்டின் முதல் சிறுநீரக மாற்று அறுவை நடைபெற்றது. அன்று முதல் அறுவை மருத்துவரோடு மயக்க மருத்துவரும் இப்பணியில் துணை நின்று வருகின்றார். நோயாளியின் மூச்சையும் நாடியையும் இரத்த அழுத்தத்தையும் அறுவை முடியும் வரை காப்பவர் அவரே.

சிறுநீரக நோயாளிக்குத் தனிக் கவனம் வேண்டுவது ஏன்? உடலில் சேரும் மருந்துகள் பலவற்றை வெளியேற்றுவது சிறுநீரகம். பழுதுற்ற சிறுநீரகமோ அடைபட்ட வடிகாலை ஒக்கும். தசையைத் தளர்த்தும் சில மருந்துகளும், வலி நீக்கும் மார்பினும் அவ்வுடலில் நெடுநேரம் தேங்கி மூச்சைத் தளரச் செய்யக்கூடும். ஆதலின், சிறுநீரகத்தை நம்பாது இரத்தத்திலேயே தானாகச் சிதையும் அட்ராகியூரியம் போன்ற மருந்துகளை மருத்துவர் தேர்ந்துகொள்கின்றார்.

அடுத்த இடர் பொட்டாசியம். இரத்தத்தில் இவ்வுப்பு மிகுந்தால் இதயத் துடிப்பே நின்றுவிடலாம். எனவே, அறுவைக்கு முன் இரத்தம் சோதிக்கப்படும். தேவையாயின் இரத்தச் சுத்திகரிப்பும் செய்யப்படும்.

புதிய சிறுநீரகம் பொருத்தப்பட்டதும், அதற்குப் போதிய இரத்தம் பாய்தல் வேண்டும். இரத்த அழுத்தம் தாழாதவாறு மருத்துவர் நரம்பின் வழியே நீர் செலுத்துவார். நீர் குறைந்தால் புதிய உறுப்பு வாடும். மிகுந்தால் நுரையீரலில் தேங்கும்.

இவ்வளவு கவனமும் பயன்தர நோயாளி செய்ய வேண்டுவன சில:

1. இறுதியாக உண்டதும் பருகியதும் எப்பொழுது என்பதை மறையாது கூறுக. இறந்தவரின் சிறுநீரகம் கிடைக்கும்போது அழைப்பு எந்நேரத்திலும் வரும். "பால் கலந்த தேநீர்தானே" என்று மறைத்தால், மயக்கத்தில் அது மேலெழுந்து நுரையீரலுள் புகுந்து உயிருக்கே ஊறு செய்யலாம்.

2. இறுதியாக இரத்தச் சுத்திகரிப்புச் செய்த நாளையும் நேரத்தையும் சொல்லுக.

3. நாட்டு மருந்து, கடையில் வாங்கிய வலி மாத்திரை உட்பட, உண்ணும் மருந்துகள் அனைத்தையும் கொண்டு சென்று காட்டுக.

4. சுத்திகரிப்புக்காக இரத்தக் குழாய் இணைக்கப்பட்ட கையில் ஊசி போடவோ, அழுத்தப் பட்டை கட்டவோ இடந்தராதீர்.

மருத்துவரின் கேள்விகள் நம்மைக் குறைகூறுவதற்கல்ல. நமக்கு ஏற்ற மருந்தையும் அளவையும் அறிவதற்கே. அஞ்சி மறைப்பதினும், உள்ளதை உள்ளவாறு உரைப்பதே உயிருக்குக் காப்பாகும்.