மாவட்ட நிலப்படம் உருவாக்கல்: கள்ளக்குறிச்சி

மாவட்ட நிலப்படம் உருவாக்கல் என்பது எல்லை, மக்கள்தொகை, சாலை, நில உயரம் ஆகிய தரவுகளைப் பல இடங்களிலிருந்து திரட்டி, ஒரே படத்தில் பொருத்தும் பணியாகும். கியூஜிஐஎஸ் போன்ற கட்டற்ற மென்பொருள் கொண்டு மாணவர்களும் இதனைச் செய்யலாம். புதிதாகப் பிரிக்கப்பட்ட மாவட்டங்களுக்குக் கூடுதல் கவனம் தேவை. கள்ளக்குறிச்சி அதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

எல்லைச் சிக்கல்

கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து செயல்படத் தொடங்கியது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இப்பெயரில் மாவட்டம் இல்லை. அதிலுள்ள 34,58,873 என்னும் எண்ணிக்கை பிரிக்கப்படாத விழுப்புரத்துக்கு உரியது. இன்றுள்ள சின்னசேலம், கல்வராயன்மலை வட்டங்களும் அப்போதைய பட்டியலில் இல்லை. எனவே பழைய வட்டத் தொகைகளை அப்படியே கூட்ட முடியாது. கிராம அளவிலிருந்து தொடங்க வேண்டும்.

தரவு கிடைக்கும் இடங்கள்

- மக்கள்தொகை: இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு
- நிலவரைபடங்கள்: இந்திய நில அளவைத் துறை
- செயற்கைக்கோள் படங்கள்: இஸ்ரோவின் புவன் தளம்
- சாலைகள்: ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்
- நில உயரம்: 2000-ஆம் ஆண்டு நாசா விண்ணோடம் திரட்டிய தரவு; சுமார் 30 மீட்டர் இடைவெளியில் கிடைக்கிறது

இணைக்கும் முறை

கிராமப் பெயரைக் கொண்டு அட்டவணைகளை இணைத்தால் பிழை நேரும். ஒரே பெயரில் பல ஊர்கள் உள்ளன; ஆங்கில எழுத்துக்கூட்டலும் கோப்புக்குக் கோப்பு மாறுகிறது. கணக்கெடுப்பில் ஒவ்வொரு கிராமத்துக்கும் தரப்பட்ட குறியீட்டு எண்ணைக் கொண்டே இணைக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு கிராமத்தையும் இன்றைய வட்டத்துடன் சேர்த்துக் கூட்டலாம்.

விழுக்காடுகளைச் சராசரி எடுக்கக் கூடாது. எழுத்தறிவு வீதத்துக்கு, எழுத்தறிந்தோர் எண்ணிக்கையைக் கூட்டி, ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ளோரின் மொத்த எண்ணிக்கையால் வகுக்க வேண்டும்.

எல்லா அடுக்குகளும் ஒரே ஆயமுறையில் அமைய வேண்டும். தூரத்தை மீட்டரில் அளக்க, இம்மாவட்டத்துக்கு யூடிஎம் 44 வடக்கு மண்டலம் பொருந்தும்.

கல்வராயன் மலை

கல்வராயன் மலைத்தொடர் சேலம் மாவட்டத்திலும் பரவியுள்ளது. மாவட்ட எல்லையோடு உயரத் தரவை வெட்டினால் மலை பாதியில் முடிந்ததுபோல் தோன்றும். எல்லைக்கு வெளியேயும் சில கிலோமீட்டர் சேர்த்துக்கொள்வது நல்லது.

மலைக் கிராமத்திலிருந்து மருத்துவமனைக்கு உள்ள நேர்கோட்டுத் தூரம் குறைவாக இருக்கலாம். மலைப்பாதை வழியே அது பன்மடங்காகும். அத்தூரத்தைக் கணக்கிட உயரமும் சாலையும் சேர்ந்த படம் வேண்டும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தன்னார்வலர்கள் வரைவது. அதில் ஒரு பாதை இல்லை என்பதால் நிலத்திலும் இல்லை என்று கொள்ளக் கூடாது. செயற்கைக்கோள் படத்துடனும் ஊராரிடமும் சரிபார்க்க வேண்டும். அவ்வாறு செய்யாவிட்டால், பாதையுள்ள கிராமமும் தனித்துவிடப்பட்டதாகப் படத்தில் பதிவாகும்.

படத்தின் அடியில் ஒவ்வொரு தரவின் மூலமும் ஆண்டும் குறிப்பிடப்பட வேண்டும். 2011 மக்கள்தொகையை 2019-க்குப் பிந்தைய எல்லையில் காட்டுவதைப் படிப்பவர் அறிய அதுவே வழி.